வாரண்டின் பின்னால் நடக்கும் தாய்மார்கள்

காலை ஒன்பதரை மணிக்கே சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் வாசலில் வரிசை நின்றது. உள்ளே போக அடையாள அட்டை வேண்டும், பைச் சோதனையும் உண்டு. பாரிமுனையில் பேருந்திலிருந்து இறங்கியவர்கள், மெட்ரோவிலிருந்து மேலேறி வந்தவர்கள், கட்டுக்கட்டாக வழக்குக் கட்டுகளைச் சுமந்த குமாஸ்தாக்கள். வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை தெரிந்தால், அது போகும் இடம் பெரும்பாலும் குடும்ப நல நீதிமன்றமாகத்தான் இருக்கும். 1892-ல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடத்தைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் இந்த நீதிமன்றத்தைத் தேடிப் போகிறவர்கள் எதையும் அண்ணாந்து பார்ப்பதில்லை, விறுவிறுவென்று நடக்கிறார்கள்.

நான் விவாகரத்து வழக்குகளைப் பார்க்கப் போகவில்லை. பிள்ளைகளின் செலவுக்கு மாதாமாதம் இவ்வளவு கொடு என்று நீதிபதி உத்தரவு போட்ட பிறகு அந்தப் பணம் எப்படித் தாயின் கைக்கு வந்து சேர்கிறது, வராவிட்டால் யார் போய் வாங்கித் தருகிறார்கள் என்று பார்க்கப் போனேன். கூட வந்தவர் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். இரண்டு பிள்ளைகள்: பையன் ஏழாம் வகுப்பு, பெண் மூன்றாம் வகுப்பு. ஆளுக்கு 4,000 வீதம் மாதம் 8,000 ரூபாய் என்று உத்தரவு அவர் கையில் இருக்கிறது. கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். உத்தரவு வந்த புதிதில் சில மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுபோனது.

“அக்கா, போனை சைலண்ட்ல போட்டுடுங்க. டவாலி கூப்பிடறப்போ ரிங் அடிச்சா ஜட்ஜம்மா கோவிச்சுக்குவாங்க” என்றார் படியேறும்போதே. இங்கே வந்து வந்து பழகியவரின் குரல் அது.

தாழ்வாரத்தில் உட்கார இடமில்லை. சுவரோரம் பெண்கள், பெண்களுக்குத் துணையாக அம்மாவோ அண்ணனோ. எதிர்ப்பக்கம் ஆண்கள், அவர்களுக்குத் துணையாக அவர்களுடைய அம்மாக்கள். நடுவில் ஓடும் குழந்தைகளுக்கு மட்டும் எந்தப் பக்கம் என்ற கணக்கில்லை. விசாரணை நடக்கும் அறைக்குள் நான் போகவில்லை. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின்படி ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில்தான் நடத்தியாக வேண்டும். கேட்காவிட்டாலும் நீதிபதி விரும்பினால் அப்படி நடத்தலாம். ஆகவே வெளியே நின்று, வருகிறவர்கள் போகிறவர்களோடும் வழக்கறிஞர்களோடும் பேசித் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

முதலில், இங்கே வந்து சேர்வதற்கு முன் பலர் வேறு வாசல்களில் நின்றிருக்கிறார்கள். பாதிப் பேராவது முதலில் போனது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு. அங்கே கணவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், எழுதி வாங்குவார்கள். ஆனால் மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவிடக் காவல் நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. எழுதிக் கொடுத்த தாளை மறுமாதமே மதிக்காமல் போனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இது தெரியாமல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் அந்தத் தாளை நம்பி இருந்தவர்களை அன்று சந்தித்தேன். அந்தக் காலத்துப் பணம் போனது போனதுதான். ஏனென்றால் சட்டம் எண்ணத் தொடங்குவது நீதிமன்றத்தில் மனு போட்ட நாளிலிருந்து.

மனு போடக் காசு இல்லை என்று யாரும் திரும்ப வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் தரச் சொல்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் அந்த ஆணைக்குழுவுக்கு அலுவலகம் உண்டு. தொலைபேசியில் 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். எங்கே மனு போடுவது என்ற குழப்பமும் வேண்டாம். கணவர் எந்த ஊரில் இருந்தாலும், தாய் தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம். பிள்ளை திருமண உறவில் பிறந்ததா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மைனர் பிள்ளை என்றால் போதும், வசதி இருந்தும் புறக்கணிக்கிற தகப்பன் கொடுத்தாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 என்று எல்லோர் வாயிலும் புழங்கிய பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. தாழ்வாரத்தில் இன்னும் எல்லோரும் “ஒன் ட்வென்டி ஃபைவ்” என்றுதான் சொல்கிறார்கள். 2001 வரை அந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. அந்த வருடத் திருத்தத்தில்தான் அது போயிற்று. வழக்கு முடியும்வரை தரவேண்டிய இடைக்காலத் தொகைக்கான மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது.

கவுன்சலிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேர்ந்து வாழ முடியுமா என்று பார்ப்பது குடும்ப நல நீதிமன்றத்தின் கடமைகளில் ஒன்று, அதனால் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். இந்த வளாகத்தில் 2005-லிருந்து சமரச மையமும் இருக்கிறது. சிலருக்கு அங்கே நல்லபடியாக முடிகிறது. மற்றவர்களுக்கு அது இன்னொரு வாய்தா.

வழக்கின் உயிர் இருப்பது வேறொரு தாளில். சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் எழுதிக் கொடுக்கும் பிரமாண வாக்குமூலம். 2020 நவம்பர் 4-ஆம் தேதி நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு “எனக்கு மாசம் பத்தாயிரம்தான் வருது” என்று கணவர் சொல்வார், “இல்லை, அறுபதாயிரம் வருது” என்று மனைவி சொல்வார், நீதிபதி நடுவில் ஓர் எண்ணை ஊகிப்பார். இப்போது வங்கிக் கணக்குகள், வண்டி, வீட்டு வாடகை, கட்டுகிற தவணை, காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாகச் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. எதிர்த்தரப்பு நான்கு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தொகை, மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் உறுதியானது. வழக்கை இழுத்தால் லாபம் என்ற எண்ணத்தை அது ஒரே வரியில் உடைத்தது.

இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் உள்ள ஒரு வழக்கறிஞர் அம்மாவிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மனு எழுத வருகிற பெண்களிடம் அவர் முதலில் கேட்பது கல்யாணப் பத்திரிகையையோ தாலி போட்டோவையோ அல்ல.

“அவர் எந்த பேங்க்ல கணக்கு வெச்சிருக்காரு, வண்டி நம்பர் என்ன, போன வருஷம் யார்கிட்ட வேலை பார்த்தாரு, இதை எழுதிட்டு வாம்மான்னு அனுப்புவேன். அழுதுட்டு வர்றவங்ககிட்ட இதைக் கேக்கறது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உத்தரவு வாங்கின அப்புறம் இதைத் தேடினா கிடைக்காது. சேர்ந்து இருந்த காலத்து ஞாபகம் இருக்கும்போதே எழுதிடணும்.”

அவர் சொன்னதில் இருக்கும் கூர்மையை அன்று மதியத்துக்குள் நானே கண்டேன். கணவரின் முதலாளி பெயர் தெரிந்தவளுக்கும் தெரியாதவளுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் பணம் வருவதற்கும் வராததற்கும் இடையில் இருக்கும் தூரம்.

தாழ்வாரத்தில் ஒரு பெண்மணி, வயது நாற்பதுக்கு மேல். கணவர் அரசு ஊழியர். உத்தரவுக்குப் பிறகும் அவர் கொடுக்கவில்லை. இவர் சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்டு மனு போட்டார். நீதிமன்றம் சம்பளம் போடும் அலுவலகத்துக்கு எழுதியது. அன்றிலிருந்து மாதாமாதம் பிடித்தம் செய்யப்பட்ட தொகை இவருடைய வங்கிக் கணக்கில் விழுகிறது. சாதாரணக் கடனுக்கு ஜப்தி செய்வதைவிட ஜீவனாம்சத்துக்குச் சட்டம் அதிக இடம் தருகிறது: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடக் கூடாது, மீதியில் கை வைக்கலாம். அவர் அன்று வந்தது மகளின் கல்லூரிச் செலவுக்காகத் தொகையைக் கூட்டிக் கேட்க. “எனக்கு இப்ப அந்த ஆள் முகத்தையே பாக்க வேண்டியதில்லம்மா, பணம் அதுபாட்டுக்கு வருது” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதி மற்ற யார் முகத்திலும் அன்று இல்லை.

என்னோடு வந்தவருக்கு அப்படி ஒரு சம்பளப் பட்டியல் கிடையாது. டாக்ஸி ஓட்டும் கணவருக்கு முதலாளி என்று யாரும் இல்லை. பணம் செயலியில் வருகிறது, பாதி கையில் ரொக்கமாக வருகிறது. ஆகவே அவர் போனது இரண்டாவது வழி, வாரண்ட் வழி. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வருகிற பெரும்பான்மையானவர்கள் நடப்பது அந்தப் பாதையில்தான்.

பணம் வராவிட்டால் தாய் மறுபடி மனு போட வேண்டும். நீதிமன்றம் தானாக எதையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எந்தெந்த மாதம் வரவில்லை என்று பட்டியலிட்டு, பாஸ்புத்தகப் பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்து, நிலுவை மனு தாக்கல் செய்ய வேண்டும். இதில் ஒரு கெடு இருக்கிறது: ஒரு மாதத் தொகை எந்த நாளில் தரவேண்டியதாக ஆயிற்றோ அதிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கிடைக்கும். ஓராண்டு தாண்டினால் பணம் பெறும் உரிமையே போய்விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், சில கணவர்களின் தரப்பும் அப்படித்தான் பயமுறுத்துகிறது. அது சரியல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கெடு அந்த வாரண்ட் என்ற வழிக்குத்தான். பாக்கி பாக்கியாகவே இருக்கும், அதை வேறு வழியில் கேட்கலாம். ஆனாலும் விரைவான வழி கையை விட்டுப் போகிறது என்பது உண்மை. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நிலுவை மனு போட்டுவிட வேண்டும் என்று அந்த வழக்கறிஞர் அம்மா எல்லோரிடமும் சொல்கிறார்.

மனு போட்டதும் முதலில் நோட்டீஸ். கணவர் வரவில்லையென்றால் வாரண்ட். அபராதத்தை எப்படி வசூலிப்பார்களோ அப்படியே இதையும் வசூலிக்கலாம் என்கிறது சட்டம். அதாவது அவருடைய அசையும் பொருள்களை ஜப்தி செய்யலாம்; மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, நிலவரி பாக்கியைப் போல அசையாச் சொத்திலிருந்தும் வசூலிக்கச் சொல்லலாம். அப்படியும் வராத பணத்துக்கு, பாக்கி இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை, அதற்குள் பணம் கட்டிவிட்டால் அதுவரை. தாளில் படித்தால் இதைவிட வலுவான ஏற்பாடு வேண்டியதில்லை என்று தோன்றும்.

வாரண்ட் போவது கணவர் வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கு. எந்த நிலையம் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு நாள் இவரோடு அங்கேயும் போனேன். வாசலில் மரத்தடியில் நின்று, ரைட்டர் சாப்பிட்டு வரும்வரை காத்திருந்தோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். கோர்ட் வேலை பார்க்கும் ஏட்டைக் கூப்பிட்டு விசாரித்தார். வாரண்ட் வந்திருக்கிறது, ஆள் அந்த முகவரியில் இல்லை, வீட்டுக்காரர் காலி செய்துவிட்டதாகச் சொல்கிறார் என்று எழுதித் திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

“சார், அவர் தினமும் ஏர்போர்ட் பக்கம்தான் வண்டி ஓட்டறாரு” என்றார் இவர்.

“ஆள் இருக்கற இடத்தைக் காட்டும்மா. ஒரு போன் பண்ணு, உடனே வந்து புடிச்சுத் தரோம்” என்றார் ஏட்டு. “எங்ககிட்ட இருக்கறது நாலு பேரு. பந்தோபஸ்துக்கே ஆள் பத்தல.”

அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கொள்ளை, விபத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு ஜீவனாம்ச வாரண்ட் எந்த இடத்தில் நிற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணிவரை கடையில் நின்று பில் போடும் ஒரு பெண், விடுப்பு எடுத்து, சம்பளப் பிடித்தத்தை ஏற்று, விமான நிலைய வாசலில் நின்று, தன் முன்னாள் கணவரின் வண்டியைக் கண்டுபிடித்து, அவர் கண்ணில் படாமல் போன் செய்து, காவலர் வந்து சேரும்வரை அவரைப் பின்தொடர வேண்டும். அடித்ததால் விட்டு வந்த கணவரை. அவர் இரண்டு முறை அதைச் செய்திருக்கிறார். இரண்டாவது முறை கணவர் அவரைப் பார்த்துவிட்டார். அன்று என்ன நடந்தது என்பதை என்னிடம் சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

நம் ஊரில் தண்டலுக்குப் பணம் விடுகிறவர்கூட வசூலுக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார். நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவுக்கு வசூல் ஆள் அந்தத் தாய்தான்.

சிறை பற்றி ஒரு விஷயம். “ஒரு மாசம் உள்ள போயிட்டு வந்துட்டா கணக்கு தீந்துச்சு” என்று தாழ்வாரத்திலேயே ஒருவர் இன்னொருவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டேன். தீராது. சிறை என்பது பணத்தைக் கொடுக்க வைக்கும் நெருக்கடி, அதுவே பணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் அப்படியே நிற்கும். ஆனால் தாய்மார்கள் பலரும் சிறைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்ற தயக்கம். உள்ளே போனவர் அந்த மாதம் சம்பாதிக்கவும் மாட்டார் என்ற கணக்கு. வெளியே வந்ததும் வீட்டு வாசலுக்கு வருவாரோ என்ற பயம். இந்த மூன்றும் நியாயமானவை. அதனால்தான் வாரண்ட் பெரும்பாலும் சிறையில் முடிவதில்லை. ஒரு பகுதிப் பணத்திலும் அடுத்த வாய்தாவிலும் முடிகிறது.

வளாகத்தில் குழந்தைகளைப் பெற்றோர் சந்திக்கும் மையமும் இருக்கிறது. கையில் ஒரு பொம்மைக் காருடன் ஓர் இளைஞர் காத்திருந்தார். வேலை போய்ச் சில மாதமாகிறது, கடன் வாங்கித்தான் மகனுக்கான தொகையைக் கட்டுகிறார். அவரைப் போன்றவர்களுக்கும் சட்டத்தில் வழி உண்டு: நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கலாம், முன்பு பிரிவு 127, இப்போது 146. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்டாமல் நிறுத்திவிட்டுப் பிறகு காரணம் சொல்வதைவிட, முன்கூட்டியே போய் மாற்றிக் கேட்பதுதான் அவருக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. ஆனால் இன்னொரு வாதத்தையும் அங்கே பல வாய்களில் கேட்டேன்: “புள்ளைய கண்ணுல காட்ட மாட்டேங்கறா, நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?” பிள்ளையைப் பார்க்கும் உரிமைக்குத் தனி மனு இருக்கிறது. அதைத் தாய் மீறினால் அதற்கும் நடவடிக்கை உண்டு. அதற்காகப் பிள்ளையின் சோற்றை நிறுத்தி வைக்கச் சட்டம் யாருக்கும் அனுமதி தரவில்லை. எதிர்த்திசையிலும் அப்படியே: பணம் வரவில்லை என்பதற்காகத் தகப்பனைப் பார்க்க விடாமல் செய்வதும் சரியல்ல. இரண்டும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நான் தேடிப் படித்தது இந்தத் தாழ்வாரத்தைப் பார்த்த பிறகுதான். அமெரிக்காவில் 1975-ல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் பிள்ளைச் செலவை வசூலிப்பதற்கென்றே அலுவலகம் நடத்த வேண்டும். ஒருவர் புது வேலையில் சேர்ந்தால் முதலாளி அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து அலுவலகமே ஆளைக் கண்டுபிடித்து, சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள உத்தரவு அனுப்புகிறது. வரி திரும்பக் கிடைக்கும் தொகையை மறித்துத் தாயிடம் தருகிறது. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. அங்கேயும் பாக்கிகள் மலைபோல் இருக்கின்றன, ஏழைத் தகப்பன்கள் நசுங்குகிறார்கள் என்ற குறைகள் நிறைய உண்டு. சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் ஒரு புதிய முறை தொடங்கியது. ஜீவனாம்ச அமலாக்க அதிகாரிகள் என்று தனியாக ஆட்களை நியமித்து, கட்டாதவருக்கு உண்மையிலேயே வசதி இல்லையா, அல்லது மனம் இல்லையா என்று வங்கிகளிடமும் அரசுத் துறைகளிடமும் தகவல் கேட்டு அறியும் அதிகாரத்தை அவர்களுக்குத் தந்திருக்கிறார்கள். இல்லாதவருக்கு உதவி, இருந்தும் தராதவருக்கு நடவடிக்கை என்று பிரித்துப் பார்க்கும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே அதற்குச் சட்டத்தில் பெரிய மாற்றம்கூட வேண்டியதில்லை என்பதுதான் என்னைக் கோபப்பட வைக்கிறது. ஆட்சியர் வழியாக வசூலிக்கும் வழி ஏற்கனவே இருக்கிறது, கேட்பவர் குறைவு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன் 20-ஆவது பிரிவில், கணவரின் முதலாளியோ அவருக்குப் பணம் தரவேண்டிய கடனாளியோ பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூகநலத் துறையின் கீழ் அந்தச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரு மேசையில் சேர்த்து, உத்தரவு வந்த நாளிலிருந்து மாதாமாதம் பணம் வந்ததா என்று பார்ப்பதற்கும், வராவிட்டால் தாய் கேட்காமலே நடவடிக்கை தொடங்குவதற்கும் குடும்ப நல நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் ஓர் அறை ஒதுக்கினால் போதும். வாரண்டைக் கொண்டுபோக அந்த அறைக்கென்றே இரண்டு காவலர்கள். கணவரைத் தேடிப் போகும் வேலையை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம், தாய் எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர்கள் விஷயம் தனிச் சிக்கல். வளைகுடாவில் இருப்பவரின் மனைவி ஒருவரும் அன்று வந்திருந்தார். ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் இந்தியாவோடு பரஸ்பரம் தீர்ப்புகளை நிறைவேற்றும் நாடுகளின் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அவர் கணவர் இருப்பது அமீரகத்தில் அல்ல, வேறொரு நாட்டில். கணவருக்கு ஊரில் பூர்விக நிலத்தில் பங்கு உண்டா என்று வழக்கறிஞர் கேட்டார். அவர் உடனே போனை எடுத்துத் தன் அண்ணனிடம் பட்டா எண் கேட்டார்.

பதினொன்றரைக்குப் பிறகு என்னோடு வந்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ச் சில நிமிடத்தில் வெளியே வந்தார். கணவர் அன்று வந்திருந்தார், தன் வக்கீலோடு. பிடிபடவில்லை, வாரண்ட் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்து தானாகவே வந்திருக்கிறார். பதினொரு மாத நிலுவை 88,000 ரூபாயில் 20,000 கட்டினார். மீதி 68,000-க்கு அவகாசம் கேட்டார். நீதிபதி அடுத்த வாய்தாவுக்குள் முழுவதும் கட்ட வேண்டும், இல்லையென்றால் தண்டனை என்று சொன்னாராம். இவர் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ரசீது வாங்கிப் பையில் வைத்தார். பையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் மாதம், தேதி, வந்த தொகை, வராத தொகை, விடுப்பு எடுத்த நாள், அந்த நாளுக்குக் கடையில் பிடித்த சம்பளம், ஆட்டோ செலவு எல்லாம் தனித்தனிப் பத்தியாக எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கான தொகையை வாங்க அவர் செய்த செலவையே யாராவது கூட்டிப் பார்த்து, அதையும் கணவரிடம் வசூலிக்க உத்தரவிட வேண்டும். வழக்குச் செலவு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதச் சொல்லி அந்த வழக்கறிஞர் அம்மாவிடம் நானும் சொன்னேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே வேறொரு தாளை எடுத்தார். இந்த மனு போட்ட பிறகு ஒன்பது மாதம் ஓடியிருக்கிறது, அதில் இரண்டு மாதம்தான் பணம் வந்திருக்கிறது. மீதி ஏழு மாதத்தின் 56,000 ரூபாய் பழைய மனுவில் சேராது. அந்த ஏழில் முதல் மாதத்துக்கு ஓராண்டுக் கெடு முடிய இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. “இதையும் இன்னைக்கே போட்டுடலாம்மா. இந்தத் தடவை அவரோட வண்டி நம்பரைப் போட்டு ஜப்தியும் கேக்கறேன். அந்தக் கார் கம்பெனிக்காரங்க அவருக்கு வாரா வாரம் பணம் அனுப்பறாங்கல்ல, அதையும் நிறுத்திக் கொடுக்கச் சொல்லி குடும்ப வன்முறைச் சட்டத்துல தனியா ஒரு மனு. ஜட்ஜ் ஒத்துப்பாங்களான்னு தெரியல, கேட்டுப் பாக்கலாம்” என்றார் வழக்கறிஞர்.

“எங்க கையெழுத்து போடணும்?” என்று கேட்டு, மூன்று இடத்தில் போட்டார். பிறகு கடைக்குப் போன் செய்து, அரை நாள் விடுப்பாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.